சுவரை உயர்த்தினால் மட்டும் போதுமா? மணவூர் ரெயில் பாதையில் ஏறி குதிப்பதை தடுக்க என்ன வழி?

மணவூர்,

திருவள்ளூர் மாவட்டம் திருத்தணி அருகே உள்ள மணவூர் மக்களுக்கு ரெயில்தான் பிழைப்புக்கு வழி. சென்னை-அரக்கோணம் பாதையில் செஞ்சி பனம்பாக்கத்துக்கும் திருவாலங்காட்டுக்கும் நடுவில் இருக்கிறது இந்த ஸ்டேஷன். இந்த பக்கத்து ஜனங்கள் விடிந்தும் விடியாமலும் டிபன் பாக்சும் கையுமாக மின்சார ரெயிலை பிடித்து ஆவடி, அம்பத்தூர், பெரம்பூர், சென்ட்ரல் என்று வேலைக்கு ஓடுகிறார்கள்.

அதே பாதையில்தான் மைசூரு வந்தே பாரத், கோவை வந்தே பாரத் ரெயில்கள் சின்ன ஸ்டேஷன்களில் நிற்காமல் பறக்கின்றன. மைசூரு ரெயில் 2022 நவம்பரிலும், கோவை ரெயில் 2023 ஏப்ரலிலும் ஓட தொடங்கின. இந்த தடத்தில் 130 கி.மீ. வேகம் வரை போகலாம் என்று ஆகிவிட்டது.

வேகம் கூடினால் தண்டவாளத்துக்குள் ஆள் நுழையக்கூடாது. அதனால் சுவர் வேண்டும், வேலி வேண்டும் என்கிறது ரெயில்வே. "சுவர் கட்டுங்க, வேணாங்கல. நாங்க அந்தப் பக்கம் எப்படி போறது?" என்பது தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் குடியிருக்கிற ஜனங்களின் கேள்வி.

இந்த கேள்விக்கு பதில் சொல்லாமல் கட்டுகிற சுவரில் என்ன நடக்கும் என்பது ரெயில் பாதை ஓரத்து ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். ஒரு மாசத்தில் ஒரு செங்கல் பெயரும். மூன்று மாசத்தில் கால் வைக்க பள்ளம் விழும். ஒரு வருஷத்தில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை.

170 வருஷத்து பாதை

தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரெயில் 1856 ஜூலை 1-ந்தேதி ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது. அந்த ரெயில் போனது இந்த வழியாகத்தான். அன்றைக்கு தண்டவாளத்தை தாண்டுவது வரப்பை தாண்டுகிற மாதிரி. எப்போதோ ஒரு ரெயில். அதுவும் கரும்புகை விட்டுக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி கூவிக்கொண்டு வரும்.

இன்றைக்கு அப்படி இல்லை. மின்சார ரெயில், எக்ஸ்பிரஸ், சரக்கு ரெயில், வந்தே பாரத் என்று மாறி மாறி வருகின்றன. ஆனால் ஊர் அப்படியேதான் இருக்கிறது. ஒரு பக்கம் வீடு, மறு பக்கம் வயல். ஒரு பக்கம் தெரு, மறு பக்கம் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, சுடுகாடு. பல தலைமுறையாக நடந்து நடந்து போட்ட ஒத்தையடி பாதைகள் தண்டவாளத்தை குறுக்கே வெட்டிக்கொண்டுதான் போகின்றன.

அந்த பாதைக்கு குறுக்கே திடீரென்று ஒரு சுவர் வந்தால் கால் நிற்காது. ஏறும்.

ஏறுகிறவர்கள் 2 ரகம்

சுவர் ஏறுகிற எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து பார்ப்பதால்தான் குழப்பமே வருகிறது. ஏறுகிறவர்கள் இரண்டு ரகம்.

முதல் ரகம் திருடன், நாசவேலைக்காரன். இவனுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பொருள் மேல் கண். ரெயில்வே பயப்படுவதற்கு காரணம் இருக்கிறது. 2024 அக்டோபர் 11-ந்தேதி இரவு, இதே திருவள்ளூர் மாவட்டம் கவரைப்பேட்டையில் மைசூரு-தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், நின்றிருந்த சரக்கு ரெயில் மீது மோதியது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. தண்டவாள பகுதியில் போல்ட், நட்டுகளை கழற்றியது யார் என்ற கோணத்திலும் விசாரணை போனது. 2025 ஏப்ரலில் மணவூருக்கு அடுத்த ஸ்டேஷனான திருவாலங்காடு அருகிலும், தண்டவாளம் பிரியும் பாயிண்ட் பகுதியில் போல்ட், நட்டுகள் கழற்றப்பட்டிருந்தது தெரியவந்து பரபரப்பு ஏற்பட்டது. பக்கத்து ஸ்டேஷனில் நடந்தது என்பதால் மணவூர்காரர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது ரகம் நம்ம ஆள். 6 மணி ரெயிலை விட்டால் கம்பெனியில் அரை நாள் கூலி போச்சு என்று ஓடுகிற தொழிலாளி. பால் கேன் தூக்கி வருகிற பெரியவர். மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளை. இவர்களுக்கு சுவருக்கு உள்ளே எதுவும் வேண்டாம். அந்தப் பக்கம் போனால் போதும்.

முதல் ஆளை தடுக்க காவல் வேண்டும். இரண்டாவது ஆளை தடுக்க வழி வேண்டும். வெறும் சுவரை மட்டும் கட்டினால் திருடன் ராத்திரியில் நிதானமாக ஏறி போய்விடுவான். அவசரத்தில் ஏறி ரெயிலில் அடிபடுவது நம்ம ஆள்தான்.

8 வினாடி கணக்கு

"ரெயில் தூரத்துலதானே வருது, தாண்டிடலாம்" என்பதுதான் குறுக்கே போகிறவர்கள் எல்லாருடைய நினைப்பும். கணக்கு போட்டு பார்த்தால் பகீர் என்கிறது.

130 கி.மீ. வேகத்தில் வரும் ரெயில் ஒரு வினாடியில் 36 மீட்டர் கடக்கும். 300 மீட்டர் தூரத்தில் கண்ணில் படுகிற ரெயில் நம்மிடம் வர சுமார் 8 வினாடிதான். ஜல்லி மேல் தடுமாறி 15 மீட்டர் அகலத்தை நடந்து தாண்ட ஒரு ஆளுக்கு 12 வினாடிக்கு மேல் ஆகும். கையில் பை, இடுப்பில் குழந்தை என்றால் இன்னும் கூடும்.

டிரைவர் பார்த்து பிரேக் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. அந்த வேகத்தில் வருகிற ரெயில் பல நூறு மீட்டர் தள்ளி போய்த்தான் நிற்கும்.

கண்ணும் ஏமாற்றும். வானத்தில் போகிற பெரிய விமானம் ஆமை மாதிரி ஊர்வது போல தெரியும். உண்மையில் அது பஸ்சை விட பல மடங்கு வேகத்தில் போகிறது. பெரிய உருவம் எதுவுமே மெதுவாக வருகிற மாதிரி தோன்றுவது மனுஷ கண்ணின் குணம். நேர் எதிரே வருகிற ரெயிலும் அப்படித்தான், நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரி தெரிந்து, கடைசி நேரத்தில் பெரிசாகி மேலே வந்துவிடும்.

இன்னொரு எமன், இரண்டாவது ரெயில். ஒரு லைனில் ரெயில் கடந்து முடிந்ததும் "போயிடுச்சு" என்று காலை வைப்பார்கள். அந்த சத்தத்தில் எதிர் லைனில் வருகிற ரெயிலின் சத்தம் கேட்காது. காதில் ஹெட்போன் வேறு இருந்தால் சொல்லவே வேண்டாம்.

அனில் ககோட்கர் தலைமையிலான ரெயில்வே பாதுகாப்பு ஆய்வு குழு 2012-ல் கொடுத்த அறிக்கையில், தண்டவாளத்தில் அத்துமீறி நுழைந்து வருஷத்துக்கு சுமார் 15 ஆயிரம் பேர் சாகிறார்கள் என்று சொல்லியிருந்தது. இதில் மும்பை புறநகர் பாதையில் மட்டும் சுமார் 6 ஆயிரம் பேர். ஒரு பெரிய ரெயில் விபத்து நடந்தால் நாடே பேசுகிறது. இப்படி ஒருத்தர் ஒருத்தராக போகிற உயிருக்கு பேப்பரில் 4 வரி செய்தி. அதோடு சரி.

நஷ்ட ஈடும் கிடையாது

பலருக்கு தெரியாத சேதி இது. ரெயில் பயணி வண்டியில் இருந்து தவறி விழுந்து இறந்தால், ரெயில்வே சட்டம் 124-ஏ பிரிவின்படி குடும்பத்தார் ரெயில்வே தீர்ப்பாயத்தில் நஷ்ட ஈடு கேட்கலாம். உயிரிழப்புக்கான தொகை 2017-ல் 4 லட்சத்தில் இருந்து 8 லட்சமாக உயர்த்தப்பட்டது. உடலில் டிக்கெட் கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மனுவை தள்ளக்கூடாது என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

ஆனால் தண்டவாளத்தை குறுக்கே தாண்டும்போது அடிபட்டால் கதை வேறு. அது அத்துமீறல் கணக்கில் போய்விடும். 2023 செப்டம்பரில் ரெயில் விபத்துக்கான கருணை தொகையை ரெயில்வே 5 லட்சமாக உயர்த்தியது. அப்போதும் அத்துமீறி நுழைந்தவர்களுக்கு அது கிடையாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டார்கள்.

போதாததற்கு, பிடிபட்டால் வழக்கு. 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 147-வது பிரிவில் அத்துமீறி நுழைபவருக்கு 6 மாதம் வரை ஜெயில் அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று எழுதி வைத்தார்கள். சம்பாதிக்கிற ஒரே ஆள் போய்விட்டால் வீட்டுக்கு மிஞ்சுவது கடன் மட்டும்தான்.

அப்படியும் ஏன் ஏறுகிறார்கள்? அபராதம் என்றைக்கோ ஒரு நாள். ரெயிலை விட்டால் கூலி போவது இன்றைக்கே. ஏழைக்கு இன்றைய கணக்குதான் முதலில் நிற்கும். பயமுறுத்தி மட்டும் தடுக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

உயரமான சுவர்களின் கதை

சுவரை இன்னும் 4 அடி தூக்கினால் தீர்ந்தது என்று சொல்பவர்கள் உண்டு. உலகத்திலேயே அதிக காவல் இருக்கிற இடங்களில் என்ன நடந்தது என்று பார்க்கலாம்.

அமெரிக்க ஜனாதிபதி குடியிருக்கும் வெள்ளை மாளிகையின் வேலியை 2014 செப்டம்பரில் ஒரு ஆள் ஏறி குதித்து, புல்வெளியில் ஓடி மாளிகைக்கு உள்ளேயே போய்விட்டார். சுமார் ஆறரை அடி வேலியை அதற்கு பிறகு சுமார் 13 அடியாக உயர்த்த முடிவு செய்து, 2019-ல் வேலையை தொடங்கினார்கள். ஆனால் அன்றைக்கு அந்த ஆள் உள்ளே போக காரணம் வேலி குட்டையாக இருந்தது மட்டும் இல்லை. வாசல் கதவு பூட்டப்படவில்லை. பார்த்து பிடிக்க வேண்டியவர்களும் கோட்டை விட்டார்கள்.

நம்ம டெல்லியில் 2025 ஆகஸ்டு 22-ந்தேதி காலை, ஒரு ஆள் ரெயில் பவன் பக்கம் மரத்தில் ஏறி பார்லிமெண்ட் சுவரை தாண்டி, புதிய கட்டிடத்தின் கருட வாசல் வரை போனார். அங்கே பாதுகாப்பு வீரர்கள் மடக்கி பிடித்தார்கள். அத்தனை காவல், கேமரா இருந்தும் ஒரு மரக்கிளை ஏணியாகிவிட்டது.

மணவூரில் இருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற வேலூர் கோட்டை சுவரை பார்க்காதவர்கள் குறைவு. சுற்றி அகழி வேறு. அதற்குள் திப்பு மகாலில் அடைக்கப்பட்டிருந்த விடுதலைப்புலிகள் 43 பேர் 1995 ஆகஸ்டில் தப்பினார்கள். அவர்கள் சுவர் ஏறவே இல்லை. கீழே சுரங்கம் தோண்டி போனார்கள்.

இதில் இருந்து தெரிவது என்ன? சுவர் யாரையும் நிரந்தரமாக தடுக்காது. தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஏறுகிறவனுக்கு 2 நிமிஷம் ஆகிறது என்றால், அந்த 2 நிமிஷத்துக்குள் ஒருத்தர் பார்த்து, ஓடி வந்து பிடிக்க வேண்டும். பார்க்க ஆள் இல்லாத சுவர் வெறும் செங்கல் அடுக்கு.

கண்ணாடி சில்லும் கரண்டும்

நம்ம ஊரில் சுவர் என்றால் மேலே உடைந்த பாட்டில் சில்லு பதிப்பது வழக்கம். பார்க்க பயமாக இருக்கும். ஆனால் ஒரு பழைய கோணிப்பையை மடித்து மேலே போட்டால் அதன் வேலை முடிந்தது. திருடனுக்கு இது நன்றாகவே தெரியும். பந்து எடுக்க ஏறுகிற பையன் கையைத்தான் அது கிழிக்கும்.

இன்னும் சிலர் கம்பி வேலியில் நேரடியாக கரண்ட் கொடுத்து விடுகிறார்கள். இது சட்டப்படி குற்றம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படி வைத்த மின்வேலியில் சிக்கி 3 யானைகள் செத்தன. அந்த வேலி யானை, திருடன், பக்கத்து வீட்டுக்காரர், வேலி போட்ட வீட்டு பிள்ளை என்று ஆள் பார்க்காது.

ரெயில் பாதையில் கரண்ட் ஏற்கனவே மேலே ஓடுகிறது. 25 ஆயிரம் வோல்ட். சுவர் மேல், சரக்கு பெட்டி மேல் ஏறுகிறவர்கள் கம்பியை தொடக்கூட வேண்டாம். கிட்டே போனாலே இழுத்துவிடும்.

சுவரும் ஆளை கொல்லும்

சுவர் கட்டுகிற இடம் தப்பாகிவிட்டால் அதுவே எமனாகிவிடும். சென்னை பரங்கிமலை ஸ்டேஷனில் 2018 ஜூலை 24-ந்தேதி காலை நடந்ததை மறக்க முடியாது. வழக்கமான பாதையில் கோளாறு என்று திருமால்பூர் மின்சார ரெயிலை எக்ஸ்பிரஸ் ஓடும் பாதையில் திருப்பி விட்டார்கள். கூட்டத்தில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் தண்டவாள ஓரத்து தடுப்பு சுவரில் அடிபட்டு கீழே விழுந்தார்கள். வேலைக்கும் கல்லூரிக்கும் கிளம்பிய இளைஞர்கள் பலியானார்கள்.

குறுக்கே போகிறவரை தடுக்க ஒரு தடுப்பு, தொங்கிக்கொண்டு வருகிறவருக்கு ஒரு ஆபத்து. இரண்டையும் சேர்த்து யோசிக்காவிட்டால் இப்படித்தான் ஆகும். மணவூர் பாதையிலும் காலை நேர ரெயில்களில் படிக்கட்டு கூட்டத்துக்கு பஞ்சம் இல்லை.

உயரத்துக்கும் ஒரு எல்லை உண்டு. 2019 டிசம்பர் 2-ந்தேதி மேட்டுப்பாளையம் நடூரில் கனமழையில் ஒரு உயரமான காம்பவுண்டு சுவர் இடிந்து பக்கத்து வீடுகள் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் உயிர் போனது. தண்ணீர் வெளியேற துளையும், தாங்கி நிற்க தூணும் இல்லாமல் உயர்த்தும் சுவர், ஒட்டி குடியிருக்கிற ஏழைக்குத்தான் ஆபத்து. ரெயில் பாதை ஓரம் குடிசை போட்டிருப்பவர்களும் அவர்கள்தான்.

வடாலாவில் பலித்த வைத்தியம்

மும்பை வடாலா பகுதியில் 2009 கடைசியில் ஒரு புது முயற்சி செய்தார்கள். மனுஷ மனசு எப்படி வேலை செய்கிறது என்று ஆராயும் ஒரு நிறுவனம் ரெயில்வேயுடன் சேர்ந்து இதை செய்தது. பெரிய செலவு இல்லை. சுவரும் கட்டவில்லை.

தண்டவாளத்துக்கு அடியில் இருக்கிற கட்டைகளில் சிலவற்றுக்கு இடைவெளி விட்டு மஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள். ரெயில் வரும்போது அந்த மஞ்சள் பட்டைகள் ஒவ்வொன்றாக மறைவதை பார்த்தால், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கண்ணுக்கு புரியும்.

அடுத்து, "தாண்டாதீர்கள்" என்ற போர்டுக்கு பதிலாக படம் வைத்தார்கள். ரெயிலில் அடிபடப்போகும் ஒரு மனுஷன் முகம், அலறுகிற நேரத்தில் எடுத்த மாதிரி 3 படம். எழுத்து படிக்க தெரியாதவருக்கும் வயிறு கலங்கும்.

மூன்றாவது, ஒரே நீள விசிலுக்கு பதில் விட்டு விட்டு 2 சின்ன விசில். நடுவில் வருகிற அமைதியில் காது விழித்துக்கொள்ளும்.

அந்த இடத்தில் சாவு எண்ணிக்கை நன்றாகவே குறைந்தது. "அபராதம்" என்று எழுதிய துருப்பிடித்த போர்டு செய்யாததை கொஞ்சம் பெயிண்ட் செய்தது. இதை மணவூர், திருவாலங்காடு, செஞ்சி பனம்பாக்கம் பக்கம் செய்து பார்க்க கோடி கணக்கில் பணம் தேவை இல்லை.

ஓட்டை சொல்லும் சேதி

இதெல்லாம் பயத்தை உண்டாக்கும். ஆனால் போகிறவருக்கு வழி? அதை சுவரே சொல்லிக்கொடுக்கிறது.

எந்த இடத்தில் செங்கல் பெயர்ந்திருக்கிறதோ, எங்கே ஏறி ஏறி சுவர் வழவழப்பாக ஆகியிருக்கிறதோ, எங்கே ஒத்தையடி பாதை சுவரில் வந்து முட்டுகிறதோ, அங்கேதான் ஜனத்துக்கு வழி வேண்டும். அந்த ஓட்டையை சிமெண்ட் பூசி அடைத்தால் பத்தடி தள்ளி இன்னொரு ஓட்டை விழும். அதே இடத்தில் ஒரு சுரங்கப்பாதையோ, நடைமேம்பாலமோ போட்டால் அப்புறம் சுவர் ஏற ஆள் இருக்காது.

மேம்பாலம் போட்டும் ஏன் பயன்படுத்தவில்லை என்று ஜனங்களை திட்டுபவர்கள் ஒரு கணக்கை பார்க்க வேண்டும். மின்சார பாதை என்பதால் மேலே ஓடும் கம்பிக்கு மேல்தான் பாலம் போக முடியும். தண்டவாளத்தில் இருந்து 20 அடிக்கு மேல் உயரம். ஒரு படிக்கு அரை அடி என்றால் ஏற 40 படிக்கு மேல், இறங்க 40 படிக்கு மேல். மூட்டு வலிக்கிற பாட்டிக்கும், தலையில் காய்கறி கூடை வைத்திருக்கும் அக்காவுக்கும், சைக்கிளோடு வருகிறவருக்கும் அது மலை ஏறுவது மாதிரி. திருத்தணி மலைக்கு படி ஏறினால் முருகனையாவது பார்க்கலாம். தினமும் 2 தடவை ரெயிலுக்காக 80 படி யார் ஏறுவார்கள்?

சுரங்கப்பாதை என்றால் இறக்கம் குறைவு. ஆள் போகும் உயரம் இருந்தால் போதும். ஆனால் நம்ம மாவட்டத்தில் சுரங்கப்பாதை என்றாலே மழைக்கு குளம் என்ற பேர் வந்துவிட்டது. தண்ணீர் வெளியேற வழி, மோட்டார், ராத்திரியில் லைட் இந்த மூன்றும் இல்லாவிட்டால் பெண்கள் அந்த பக்கமே போக மாட்டார்கள். மறுபடியும் சுவர்தான் ஏறுவார்கள்.

அதனால் வழி என்று பேருக்கு ஒன்று போட்டால் பத்தாது. சுவர் ஏறுவதை விட அந்த வழி சுலபமாக இருக்க வேண்டும். சரிவு பாதை, சைக்கிள் தள்ளி போக இடம், தேவையான அகலம் வேண்டும். அகலம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை மும்பை எல்பின்ஸ்டன் ரோடு நடைமேம்பாலத்தில் 2017 செப்டம்பர் 29-ந்தேதி நெரிசலில் 23 பேர் இறந்தபோது நாடு பார்த்தது. அதற்கு பிறகுதான் நடைமேம்பாலத்தை வசதி கணக்கில் இருந்து பாதுகாப்பு கணக்குக்கு ரெயில்வே மாற்றியது.

திருடனுக்கு தனி வைத்தியம்

பொதுமக்களுக்கு வழி கொடுத்துவிட்டால் ரெயில்வே பாதுகாப்பு படைக்கும் வேலை சுலபம். இன்றைக்கு தண்டவாளத்தில் 100 பேர் நடக்கிறார்கள் என்றால் அதில் போல்ட் கழற்ற வந்தவன் யார் என்று எப்படி கண்டுபிடிப்பது? எல்லாரும் சுரங்கப்பாதையில் போய்விட்டால், சுவருக்குள் நிற்கிற ஒரு ஆளும் சந்தேக ஆள்தான்.

அதன்பிறகு சுவருக்கு செய்ய வேண்டியது சின்ன சின்ன வேலைகள்தான். கால் வைக்க விளிம்பு இல்லாமல் வழவழப்பாக பூச வேண்டும். சுவரை ஒட்டிய மரக்கிளையை வெட்ட வேண்டும். பழைய சிலீப்பர் கட்டை, ஜல்லி குவியலை ஓரத்தில் போட்டு வைக்கக்கூடாது. அதுவே ஏணி. பாயிண்ட் இருக்கும் இடங்களில் லைட்டும் ரோந்தும் வேண்டும். பெயர்ந்த செங்கல்லை அந்த வாரமே சரி செய்ய வேண்டும். ஒரு ஓட்டை கவனிக்கப்படாமல் கிடந்தால், இங்கே யாரும் பார்ப்பதில்லை என்று எல்லாருக்கும் தண்டோரா போட்ட மாதிரி.

மும்பை-ஆமதாபாத் பாதையில் 2022 அக்டோபரில் வந்தே பாரத் ரெயில் எருமை மாடுகள் மீது மோதி முன்பக்கம் உடைந்தது. உடனே அந்த பாதையில் 600 கி.மீ.க்கு மேல் இரும்பு வேலி போட முடிவு செய்து வேலையும் நடந்தது. மாடு குறுக்கே வந்ததற்கு அவ்வளவு வேகம் காட்ட முடிகிறது. மனுஷன் தாண்டுகிற இடத்தில் வழி போட மட்டும் ஏன் வருஷக்கணக்கில் ஃபைல் நகர்கிறது?

பொதுமக்கள் என்ன செய்யலாம்?

ரெயில்வேயை மட்டும் குறை சொல்லி புண்ணியம் இல்லை. கேட்கிற விதமாக கேட்கவும் வேண்டும். சுவர் உடைந்திருக்கிறது, சந்தேகப்படும்படி ஆள் நடமாட்டம் இருக்கிறது என்றால் 139 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். ரெயில்வேயின் எல்லா புகாருக்கும் இப்போது இந்த ஒரே எண்தான்.

வழி வேண்டும் என்ற கோரிக்கையை கிராம சபை கூட்டத்தில் தீர்மானமாக போட வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் நடக்கும் கூட்டத்துக்கு போய் எந்த இடத்தில், யார் யார், எதற்காக தாண்டுகிறார்கள் என்று சர்வே நம்பரோடு எழுதி கொடுக்கலாம். "எங்களுக்கு பாலம் வேண்டும்" என்ற ஒற்றை வரி மனு மூலையில் கிடக்கும். எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கு தாண்டுகிறார்கள் என்ற கணக்கோடு வரும் தீர்மானத்தை அவ்வளவு சுலபத்தில் தள்ள முடியாது. அதன் நகலை கலெக்டருக்கும், எம்.பி.க்கும், சென்னை கோட்ட ரெயில்வே மேலாளருக்கும் அனுப்ப வேண்டும்.

வழி வருகிற வரைக்கும் வீட்டில் பிள்ளைகளிடம் அந்த 8 வினாடி கணக்கை சொல்லி வையுங்கள். ஒரு ரெயில் போனால் அடுத்த ரெயில் வரும். அரை நாள் கூலி போனால் நாளைக்கு சம்பாதிக்கலாம்.

சுவர் கட்ட டெண்டர் விடும்போதே, அந்த சுவரை தாண்ட ஒரு வழிக்கும் சேர்த்து டெண்டர் விட வேண்டும் என்பதுதான் ரெயில் பாதை ஓரத்து ஜனங்களின் கோரிக்கை. சுவர் மட்டும் முதலில், வழி அப்புறம் பார்க்கலாம் என்றால், அந்த இடைப்பட்ட காலத்தில் போகிற உயிருக்கு யார் பொறுப்பு? ரெயில்வே அதிகாரிகள் பதில் சொல்வார்களா?